முனியை இடம் மாற்றினார்கள்

ஆத்மநாதன் பூட்டை நம்புகிற ஆள் இல்லை. பூட்டியபின் ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பார். நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பி வந்து இன்னொரு இழுப்பு. கூட வேலை பார்க்கிறவர்களுக்கு இது ஒரு வேடிக்கை. "அண்ணே, பூட்டு கையோட வந்துரப் போவுது" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள்வார். வேட்டி கட்டிய காலத்துப் பழக்கம் அது, பேன்ட்டுக்கு மாறிய பின்னும் விடவில்லை.

புதுக்கோட்டைக்கு வெளியே, தைலமரக் காட்டைத் தாண்டி இருக்கும் ஒரு ஆய்வகத்தில் அவர் உதவியாளர். ஆடுமாடுகளுக்கு வரும் நோய்களை ஆராய்கிற இடம். பெயர் வேண்டாம். சொன்னால் நாளைக்கே நம்மைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள், அவ்வளவு கட்டுக்காவல் உள்ள இடம். வாசலிலேயே செல்போனை வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். வேலை முடிந்து வெளியே வரும்போதுதான் திரும்பக் கிடைக்கும். உள்ளே ஒரு அறை, அந்த அறைக்குள் ஒரு குளிர்பெட்டி, குளிர்பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி டாக்டர் ஷர்லியிடம், மற்றொன்று ஆத்மநாதனிடம். இருவரும் சேர்ந்து நின்றால்தான் திறக்கலாம். அப்போதும் மேலேயிருந்து கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். இத்தனை மரியாதையும் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத சில கண்ணாடிக் குப்பிகளுக்கு. அந்தக் குப்பிகளில் இருப்பது அடைப்பான் கிருமி.

அடைப்பான் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். காலையில் நன்றாக மேய்ந்த ஆடு மத்தியானம் தள்ளாடி விழும். மூக்கிலும் பின்பக்கத்திலும் கறுத்த ரத்தம் வரும், உறையவே உறையாது. அந்த ஆட்டை அறுத்துவிட்டால் போச்சு. காற்றுப் பட்டதும் கிருமி விதை மாதிரி ஓடு கட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு வெயிலுக்கும் சாகாது, மழைக்கும் சாகாது. மண்ணுக்குள் வருஷக்கணக்காகக் கிடந்து அடுத்த வாய்க்குக் காத்திருக்கும். ஆட்டோடு நிற்காது, மனுஷனையும் பிடிக்கும். இதையெல்லாம் ஆத்மநாதன் ஆய்வகத்துக்கு வந்து கற்றுக்கொள்ளவில்லை. தன்னுடைய சொந்த ஆடுகளைப் பறிகொடுத்துக் கற்றுக்கொண்டார்.

ஆம், அவர் ஆடு வைத்திருந்தவர். வல்லத்திராக்கோட்டைப் பக்கத்து ஊர். அவரும் தங்கை பொன்னுத்தாயின் புருஷன் எழிலரசனும் சேர்ந்து ஒரே பட்டியாகச் செம்மறி ஓட்டினார்கள். கடலை பிடுங்கியதும், நெல் அறுத்ததும், வயல்காரர்கள் கிடை போடக் கூப்பிடுவார்கள். ஆடுகளை வயலில் அடைத்துப் போட்டால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம், ஆட்டுக்காரனுக்குக் கூலி. கிடை ஆட்டுக்கு மூலதனமே அதன் நல்ல பெயர்தான். 'அந்தப் பட்டியில சீக்கு' என்று ஒரு சொல் கிளம்பிவிட்டால் ஒருவனும் வரப்பைத் தாண்ட விடமாட்டான். ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

எட்டு வருஷத்துக்கு முந்தி, கோடைமழை பெய்து புல் துளிர்த்த நேரத்தில் அந்தப் பட்டியில் ஆடுகள் விழ ஆரம்பித்தன. கால்நடை டாக்டர் வந்து பார்த்த மாத்திரத்தில் இருவரிடமும் தனியாகச் சொல்லிவிட்டார். அறுக்காதே, தோலை உரிக்காதே, ஆழமாகத் தோண்டு, சுண்ணாம்பைக் கொட்டு, மேலே ஆடுமாடு ஏறாமல் வேலி போடு. பாதிப் பட்டி போயிற்று. கீழக்கண்மாய்க்கு உள்ளே, தண்ணீர் ஏறாத மேட்டில், யாருக்கும் சொந்தமில்லாத இடமாகப் பார்த்து மச்சானும் மாப்பிள்ளையும் குழி வெட்டினார்கள். குட்டியிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டு வளர்த்த ஆடுகளைக் கால் பிடித்து இழுத்து உள்ளே தள்ளினார்கள். எழிலரசன் அழுதுகொண்டே சுண்ணாம்பைக் கொட்டினான். ஆத்மநாதனுக்கு அழக்கூட வரவில்லை.

குழியை மூடியாயிற்று, வேலிக்கு என்ன செய்வது? புறம்போக்குக்குக் கம்பிவேலி போட எவன் வருவான்? அடைப்பான் என்று வாயைத் திறந்தால் மிச்சப் பட்டியும் ஒழிந்தது. திறக்காவிட்டால் நாளைக்கு எவனாவது அங்கே மண்வெட்டி போடுவான். இரண்டுக்கும் நடுவில் நின்று யோசித்த ஆத்மநாதன் ஒரு பொய்யைக் கண்டுபிடித்தார். கெட்டிக்காரப் பொய், அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். பழைய இரும்புச் சூலம் ஒன்றைக் கொண்டுவந்து குழிமேட்டில் ஊன்றினார். ஒரு கல்லை நட்டு, மிச்சமிருந்த சுண்ணாம்பைப் பூசி, காவியில் மூன்று பட்டை இழுத்தார். ஊருக்குள் வந்து சொன்னார்: "கீழக்கண்மாயில முனி எறங்கியிருக்கு. ஆட்டை அடிச்சதெல்லாம் அதுதான். அங்கிட்டு யாரும் போவாதீங்க."

ஊர் அப்படியே நம்பியது. டாக்டர் சொன்னால் நம்பாத ஊர், முனியை மறுபேச்சில்லாமல் நம்பும். போதாததற்குச் சீமைக்கருவேலம் தானாக முளைத்து மேட்டை மூடிக்கொண்டது. முள்ளும் முனியும் சேர்ந்து காவல் காத்தன. அந்தப் பக்கம் விறகுக்குக்கூட ஆள் போகவில்லை.

ஆத்மநாதனுக்கு ஆட்டின் மேல் இருந்த ஆசை அதோடு விட்டுப்போயிற்று. மிச்ச ஆடுகளை மாப்பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு, அன்றைக்கு வந்த டாக்டரையே கேட்டுக் கெஞ்சி ஆய்வக வேலைக்குப் போய்ச் சேர்ந்தார். போன இடத்தில் அவருக்கென்று காத்திருந்தது அதே அடைப்பான். அதற்குப் பூட்டுப் போடும் வேலை. தலையெழுத்து என்று வேறு எதைச் சொல்வார்கள்?

டாக்டர் ஷர்லி நாகர்கோவில் பக்கத்துக்காரர். அதிர்ந்து பேசாத அம்மா. வருஷத்துக்கு ஒருமுறை வேலையாட்கள் எல்லோரையும் உட்காரவைத்துப் பாதுகாப்பு விதிகளைத் தமிழில் விளக்குவார். எந்தக் கிருமி கட்டுப்பாட்டில் வரும், யார் தொடலாம், தொலைந்தால் என்ன தண்டனை, எல்லாம். ஒரு தடவை அப்படி விளக்கி முடித்தபோது ஆத்மநாதன் எழுந்தார்.

"மேடம், இது வேற எடத்துல இருந்தா அதுக்கும் ரெண்டு பூட்டுதானா?"

"வேற லேப்லயா?"

"இல்ல மேடம். மண்ணுல."

"மண்ணுல இருந்தா இந்த விதி பொருந்தாது, ஆத்மநாதன். அதுக்கு விலக்கு இருக்கு. இயற்கையா எங்க இருக்கோ, அங்கேயே இருக்குறவரைக்கும் கட்டுப்பாட்டுக்குள்ள வராது. நாம எடுத்துக் குப்பியில அடைச்சாத்தான் வரும்."

"ரெண்டும் ஒரே கிருமிதான மேடம்?"

"ஒரே கிருமிதான். ஆனா ஊர்ல இருக்குற வயலையெல்லாம் எப்படிப் பூட்டுறது? செத்த ஆட்டுக்குப் பக்கத்துல நிக்கிற ஆட்டுக்காரரைப் பிடிச்சு, ஏன் கிருமி வச்சிருக்கேன்னு கேஸ் போட முடியுமா? அதுக்குத்தான் அந்த விலக்கு."

நியாயமான பதில்தான். அந்த விலக்கு இல்லாவிட்டால் எட்டு வருஷத்துக்கு முந்தி ஆத்மநாதனே கம்பி எண்ணியிருப்பார். அது அவருக்கும் புரிந்தது. ஆனாலும் அன்றைக்கு மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். குப்பிக்கு இரண்டு பூட்டு, ஒரு கேமரா, வாசலில் துப்பாக்கிக்காரர். பாதிப் பட்டியைத் தின்ற மேட்டுக்கு ஒரு சூலமும் நாலு முள்மரமும்.

அந்த நாலு முள்மரத்துக்கும் இந்த வருஷக் கோடையில் ஆயுசு முடிந்தது.

சீமைக்கருவேலம் நிலத்தடித் தண்ணீரை உறிஞ்சுகிறது, வேரோடு பிடுங்கு என்று ஊர் ஊராகப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம். கீழக்கண்மாயைச் சுத்தம் பண்ணுவது, அப்படியே உள்ளிருக்கும் வண்டல் மண்ணை அள்ளி வயலுக்கு அடிப்பது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. முன்னே நின்றவன் கவியரசன். நல்ல பையன், சொந்த டிராக்டர் வைத்திருந்தான், ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று துடிக்கிறவன். ஜே.சி.பி. மேட்டருகே போனபோது பெரியவர்கள் கையைப் பிசைந்தார்கள். முனி இருக்கிற இடமாச்சே. முனி கோபம் கொண்டால் யார் ஈடு கொடுப்பது?

அதற்கும் வழி இருந்தது. கோடாங்கியைக் கூட்டி வந்து உடுக்கடித்துக் கேட்டார்கள். 'கறுப்புக் கிடாய் வெட்டிப் பூசை போட்டு, மடைப் பக்கம் எடம் கொடுத்தா மாறிக்கிறேன்' என்று முனி சொல்லிவிட்டது. எவ்வளவு சமத்தான முனி பாருங்கள். கிடாய் வெட்டி, பொங்கல் வைத்து, சூலத்தையும் கல்லையும் பிடுங்கிக் கொண்டுபோய்க் கண்மாய்க்கரையில் மடைக்குப் பக்கத்தில் நட்டார்கள். பழைய இடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். இனி அது வெறும் மண்.

ஆத்மநாதன் குடியிருப்பது புதுக்கோட்டை டவுனில். ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியைப் பார்க்க வந்தவர், மடைக்கருகே சூலத்தைப் பார்த்துவிட்டு பைக்கைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். மேடு பாதி குறைந்திருந்தது. டிராக்டர் பெட்டியில் மண் குவிந்துகொண்டிருந்தது.

"கவியரசு, நிப்பாட்டு. அது வேணாம். அந்த மண்ணு வேணாம்."

"ஏன் மாமா? முனிக்குத்தான் எடம் மாத்திக் கொடுத்தாச்சே. முறைப்படி பண்ணியிருக்கோம்."

"அங்க முனி இல்லப்பா. என்னைக்குமே இருந்ததில்ல. நாந்தான் சும்மா சொன்னேன். சீக்குல செத்த ஆட்டை அங்கதான் பொதச்சிருக்கு. அடைப்பான். மண்ணுல இன்னும் இருக்கும்."

சுற்றி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒருவன் சிரித்தான். "முனியக் கொண்டாந்ததும் நீங்கதான், இப்ப இல்லங்கிறதும் நீங்கதானா? டவுனுக்குப் போனதும் சாமி இல்லாமப் போச்சோ?" இன்னொருவன், "பூசைக்குத் தன்னைக் கூப்பிடலையேன்னு வருத்தம்" என்றான். பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்கள். ஆத்மநாதன் வாய்க்கு அன்றைக்கு நம்பிக்கைகூடக் கிடைக்கவில்லை. எட்டு வருஷம் ஊரைக் காத்த பொய் அது, உண்மையைச் சொல்ல வந்த நாளில் அதுவே குறுக்கே நின்றது.

கவியரசன் மட்டும் யோசித்தான். கூட்டத்தில் நின்ற எழிலரசனைப் பார்த்து, "சித்தப்பா, நீங்க சொல்லுங்க. நெசமாவா?" என்று கேட்டான்.

எழிலரசன் மண்ணைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான். அவனுக்கு இருப்பது அந்தப் பட்டி ஒன்றுதான். அவனும் பொன்னுத்தாயும் சாப்பிடுவது அதில். அடுத்த போகத்துக்கு நாலு வயல்காரர்கள் கிடைக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். அதில் கவியரசனும் ஒருவன்.

"எனக்கு அப்படி ஒண்ணும் தெரியலப்பா" என்றான்.

டிராக்டர் கிளம்பியது. எழிலரசன் மச்சானைத் தள்ளிக்கொண்டு போய், "மச்சான், கும்புட்டுக் கேக்குறேன், வாய மூடுங்க. எட்டு வருசமாச்சு, எல்லாம் செத்துப்போயிருக்கும். சீக்குப் பட்டின்னு பேர் வந்தா நாங்க எங்க போறது?" என்றான். தங்கச்சி வீட்டுக்காரன் கையெடுத்துக் கும்பிட்டால் ஒரு அண்ணன் என்ன செய்வான்? ஆத்மநாதன் ஊரில் வாயை மூடிக்கொண்டார். ஆனால் மறுநாள் ஆய்வகத்தில் டாக்டர் ஷர்லியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அந்த அம்மா அவர் கண் முன்னாலேயே ஆபீஸ் போனிலிருந்து ஒவ்வொரு அரசு அலுவலகமாகக் கூப்பிட்டார். கிடைத்த பதில்களை எல்லாம் சேர்த்துப் பிழிந்தால் இவ்வளவுதான்: இப்போது எந்த ஆடும் சாகவில்லை, அதனால் நோய் இல்லை. மண் கட்டுப்பாட்டில் வராது, விலக்கு. செத்தால் சொல்லுங்கள், உடனே வருகிறோம்.

"மண்ணை ஒரு டப்பாவுல அள்ளிட்டு வாரேன் மேடம். நீங்க பார்த்துச் சொல்லுங்க. அப்ப நம்புவாங்க."

ஷர்லி தலையை ஆட்டி மறுத்தார். "கிருமி இருக்குன்னு தெரிஞ்சே நீங்க அள்ளினா, அப்பவே அது கட்டுப்பாட்டுக்குள்ள வந்துரும். அனுமதி இல்லாம எடுத்துட்டு வந்தா உங்க வேலை போகும், உள்ளயும் தள்ளுவாங்க. நான் அனுமதிக்கு எழுதுறேன். வந்ததும் நாம சேர்ந்து போய் எடுப்போம்."

ஊரான் டிராக்டர் டிராக்டராக அள்ளலாம், தெரிந்தவன் ஒரு டப்பா அள்ளக் கூடாது. ஷர்லி அனுமதிக்கு எழுதினார். ஞாபகமூட்டி மறுபடி எழுதினார். மழை வந்தது, கடலை போட்டார்கள், வண்டல் அடித்த வயல்களில் கடலை பச்சைப்பசேலென்று வந்தது. ஊரே கவியரசனைப் புகழ்ந்தது. ஆத்மநாதன் ஒவ்வொரு ஞாயிறும் வந்து ஆடுகளின் மூக்கைப் பார்த்துவிட்டுப் போனார். பட்டிக்குத் தடுப்பூசி போடச் சொல்லி மாப்பிள்ளையிடம் மன்றாடினார். "எங்க பட்டிக்கு மட்டும் அடைப்பான் ஊசி போட்டா, ஏன்னு கேக்க மாட்டாங்களா?" என்றான் எழிலரசன். பேருக்குப் பயந்து அதையும் தள்ளிப் போட்டான். அவனைத் திட்ட எனக்கும் ஆத்திரமாகத்தான் வருகிறது. ஆனால் வயிற்றுப்பாட்டுக்கு அந்தப் பேரைத் தவிர அவனிடம் வேறு என்ன இருந்தது?

கடலை பிடுங்கியதும் கவியரசன் வயலில் கிடை போட்டார்கள். பிடுங்கின வயலில் புல் இல்லை. மண்ணோடு ஒட்டிக் கிடந்த கொடியையும் வேரையும் ஆடுகள் மூக்கை மண்ணில் தேய்த்துத் தேய்த்துத் தின்றன.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, முற்பகலில், ஒரு பெட்டை ஆடு தள்ளாடி முன்னங்கால் மடிந்தது. எழிலரசன் உடனே மச்சானுக்குப் போன் போட்டான். அடித்துக்கொண்டே இருந்தது. திரும்பப் போட்டான். ஆத்மநாதனின் போன் ஆய்வக வாசலில், பெட்டிக்குள், மற்ற போன்களோடு முணங்கிக்கொண்டிருந்தது. அவர் உள்ளே குளிர்பெட்டிப் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

எழிலரசன் ஆட்டின் முகத்தில் தண்ணீர் தெளித்துப் பார்த்தான். வெயிலுக்குச் சுருண்டிருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டான். ஆட்டுக்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. தானாகச் செத்தால் அது பிணம், உயிர் போகுமுன் கழுத்தில் கத்தி பட்டால் அது கறி. இழுத்துக்கொண்டிருக்கிற ஆட்டைப் பார்த்தால் மனசு யோசிக்குமுன் கை இடுப்புக் கத்தியைத் தேடும். தலைமுறை தலைமுறையாகப் பழகிய கை. அவன் ஆட்டின் தலையைத் திருப்பி அறுத்தான்.

ரத்தம் கறுப்பாக வந்தது. வந்துகொண்டே இருந்தது, உறையவில்லை.

அந்த இடத்திலேயே அவனுக்குத் தெரிந்துபோயிற்று. எட்டு வருஷத்துக்கு முந்தி பார்த்த ரத்தம் மறக்குமா? கத்தியைத் தூர எறிந்தான். ஆட்டை இழுத்துப்போய் வரப்போரத்துப் புதரில் மறைத்தான். வாய்க்காலில் முழங்கை வரை கழுவினான். முழங்கையில் முள் கீறிய பழைய காயம் ஒன்று இருந்தது. அதையும் கழுவினான். கழுவினால் போய்விடும் என்று நினைத்தான், பாவம். மச்சானுக்கு மறுபடி போன் போடவில்லை. சாயந்திரம் ஆத்மநாதனே பதறிக் கூப்பிட்டபோது, "ஒண்ணுமில்ல மச்சான், சும்மாதான் பேசலாம்னு போட்டேன்" என்றான்.

காயம் தடித்தது. நடுவில் கரி மாதிரி கறுத்தது. வலிக்கவே இல்லை, அதுதான் அதன் சூது. பொன்னுத்தாய் கேட்டதற்கு, முள் குத்தியது சீழ் வைத்திருக்கிறது என்று மருந்துக் கடை மாத்திரையைப் போட்டுக்கொண்டான். கை வீங்கித் தோளுக்கு ஏறி, கழுத்துக்கு ஏறியது. அதற்குள் இன்னும் இரண்டு ஆடுகள் விழுந்திருந்தன. அவற்றை அவன் தொடவில்லை. மூச்சு வாங்க ஆரம்பித்ததும் பொன்னுத்தாய் பயந்துபோய் அண்ணனைக் கூப்பிட்டாள். ஆத்மநாதன் வந்து, சட்டைக் கையை மேலே தள்ளிப் பார்த்தார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"அறுத்தியா மாப்ள?"

வாசலில் கவியரசன் நின்றுகொண்டிருந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவன்தான் வண்டிக்குச் சொல்லியிருந்தான். எழிலரசன் அவனைப் பார்த்துவிட்டு, "இல்ல மச்சான்" என்றான்.

வண்டிக்குள் ஏற்றிக் கதவைச் சாத்தியபிறகுதான் வாய் திறந்தான். "கழுத்த மட்டுந்தான் மச்சான் அறுத்தேன். உரிக்கல. யாருக்கும் கறி கொடுக்கல. நீங்க போன எடுத்திருந்தா கேட்டிருப்பேன்."

அவன் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னான். ஆத்மநாதனுக்கு அந்த ஒரு வார்த்தை செத்தாலும் ஆறாது.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததுமே ஆத்மநாதன் நோயின் பெயரைச் சொல்லிவிட்டார். எந்தப் பேருக்கும் பயப்படாமல் சத்தம் போட்டே சொன்னார். உடனே பார்த்தார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் நோய் ரத்தத்தில் இறங்கி நாளாகியிருந்தது. கண் கெட்டபின் சூரிய நமஸ்காரம். மறுநாள் பொழுது சாயுமுன் எழிலரசன் போய்விட்டான். உடம்பைத் தடித்த பையில் போட்டு மூடிக் கொடுத்தார்கள், திறக்கக் கூடாது என்றார்கள். பொன்னுத்தாய் பையின் மேல் கையை வைத்துத் தலை எங்கே, கால் எங்கே என்று தடவித் தடவிப் பார்த்தாள். எண்ணெய் வைக்கவில்லை, குளிப்பாட்டவில்லை, வாய்க்கரிசி போடவில்லை. ஆத்மநாதன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். எட்டு வருஷத்துக்கு முந்தி ஆடுகளுக்கு அழாததும் சேர்ந்து வந்தது.

இப்போது எல்லோரும் வந்தார்கள். ஆடு செத்துவிட்டதே, ஆளும் செத்துவிட்டானே. சுற்றுப்பட்டி ஆடுமாடுகளுக்கெல்லாம் ஊசி போட்டார்கள். கூட இருந்தவர்களுக்கு மாத்திரை கொடுத்தார்கள். செத்த ஆட்டின் காது நுனியிலிருந்து முறைப்படி ரத்தம் எடுத்து, மூன்று உறை போட்டு, முன்னும் பின்னும் ஆளோடு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அடைப்பான்தான் என்று உறுதியானது. வளர்த்தெடுத்த கிருமியைக் குப்பியில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைத்தார்கள். ஷர்லி ஒரு பூட்டைப் போட்டார். ஆத்மநாதன் மற்றொன்றைப் போட்டார். மாப்பிள்ளையைக் கொன்றதைத் தன் கையாலேயே பத்திரப்படுத்தினார்.

"வீட்டுக்குப் போங்க. லீவு எடுத்துக்கோங்க" என்றார் ஷர்லி. அவர் கண்களும் சிவந்திருந்தன.

"வயலு என்னாகும் மேடம்?"

"சுண்ணாம்பு தூவச் சொல்லியிருக்காங்க. மண்ணுக்கு விலக்குங்கிறாங்க."   மண்ணை எடுத்துச் சோதிக்கக் கேட்ட அனுமதி இன்னும் வந்தபாடில்லை.

காரியம் முடிந்த மறுநாள் காலையில் பொன்னுத்தாய் கவியரசன் வயலில் போய் நின்றாள். அண்ணன் பின்னாலேயே ஓடினார். தூவியிருந்த சுண்ணாம்பு ஒரு தூறலில் கரைந்து, அங்கங்கே வெள்ளைத் திட்டாகக் கிடந்தது. அவள் வெறுங்காலோடு நின்றிருந்தாள்.

"இங்கிட்டு வா ஆத்தா. அதுல நிக்காத."

"அவரைக் கொன்னதப் பிடிச்சு ஒங்க ஆபீசுல வச்சிருக்கீங்களாமே. நெசமா?"

"ஆமா."

"பூட்டியா வச்சிருக்கு?"

"ரெண்டு பூட்டு. நாந்தான் பூட்டினேன்."

அவள் குனிந்து காலடி மண்ணைப் பார்த்தாள். "அப்ப இதை யாரு பூட்டுவா?"

 விலக்கு என்ற சொல்லை அவளிடம் எப்படிச் சொல்வது? அவளே பேசினாள். அழவில்லை, கோபமும் இல்லை.

"முனியத் திரும்பக் கூட்டியாந்துருங்கண்ணே. அது பொய்யின்னு எனக்கும் தெரியும். இருந்தாலும் அதுதான இத்தன வருசம் நின்னுச்சு."

ஆத்மநாதன் கண்மாய்க்கரைக்குப் போனார். மடைக்குப் பக்கத்தில் நட்டிருந்த சூலத்தை ஆட்டி ஆட்டிப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். வழியில் கவியரசன் வந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். சூலத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டான்.

"கவியரசு, அந்த மண்ணு எந்தெந்த வயலுக்குப் போச்சு?"

அவன் கையை நீட்டினான். தன் வயலைக் காட்டினான். பக்கத்து வயலைக் காட்டினான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், தைலமரக் காட்டு ஓரம், ரோட்டுக்கு மேற்கே என்று கை ஒவ்வொரு இடமாகப் போயிற்று. பிறகு கை தானாகக் கீழே இறங்கியது.

"கேட்டவங்களுக்கெல்லாம் அடிச்சேன் மாமா. வெளியூருக்கும் போச்சு. எனக்கே நெனப்பில்ல."

சூலம் ஒன்றுதான் இருந்தது. எழிலரசன் ஆட்டை அறுத்த இடத்தில் அதை ஊன்றிவிட்டு, தங்கச்சியைக் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்து, வரப்பில் உட்காரவைத்து, அவள் காலைச் சோப்புப் போட்டுக் கழுவினார். மறுநாள் வேலைக்குப் போனார். செல்போனைப் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தார். நாலு எட்டு நடந்து திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்த்தார். பூட்டு நன்றாகத்தான் பூட்டியிருந்தது.